14 பஸ், சாட்ஸ்வொர்த் – வார்விக் தடம்: வருகை நேரக் கணிப்பு ஏன் தப்புகிறது?

டிப்போ14:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் வார்விக் வரை ஓடும் 14 பஸ்களுக்கு இரண்டு வசதி வேண்டும். அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று பயணிகள் கைபேசியில் பார்க்க வேண்டும். எந்த நடையில் (டிரிப்பில்) எத்தனை பேர் என்று டிப்போவுக்குத் தெரிய வேண்டும். முதலில் 3 வண்டியில் மட்டும் கருவி மாட்டி ஆறு வாரமாக டேட்டா சேர்கிறது.

ஒரு வழி சுமார் 20 கி.மீ. ஹிக்கின்சன் ஹைவே வழியாக. யூனிட் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குள் ஒரு சுற்று உண்டு; அதில் ஏறக்குறைய 700 மீட்டர் ஒரே சாலையில் இரண்டு முறை போகும். எல்லாம் 24 வோல்ட் வண்டி. 8 வண்டியில் கேன் இணைப்பு (இஞ்சின் விவரங்கள் ஓடும் ஒயர் வலை) இருக்கிறது, 6 பழசு. எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். ஏறுவதும் இறங்குவதும் அதில்தான்.

டிராக்கர் (பஸ் இருக்கும் இடத்தை அனுப்பும் கருவி) எல்டிஇ கேட்-1 (4ஜி) வகை, 30 விநாடிக்கு ஒரு புள்ளி, எம்க்யூடிடி (சிறு செய்திகள் அனுப்பும் முறை) வழியே சர்வருக்குப் போகிறது. கூடவே ஒரு 12 வோல்ட் ரௌட்டர் இருப்பதால் இரண்டு பேட்டரியில் கீழ்ப் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் எடுத்திருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தால் இதுவும் அணையும். கணிப்புக்கு எல்எஸ்டிஎம் (நரம்பு வலை வகை) மாடல்.

சிக்கல்கள்:

1. காலை முதல் நடையில் முதல் 4, 5 நிமிடம் பஸ் வரைபடத்திலேயே இல்லை. சில நாள் இஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது கருவி அணைந்து மறுபடி எழுகிறது.

2. அந்தச் சுற்றுச் சாலையில் "3 நிமிடம்" என்று காட்டிக்கொண்டிருப்பது திடீரென்று "41 நிமிடம்" என்று தாவுகிறது.

3. சோதனைத் தொகுப்பில் சராசரிப் பிழை 1 நிமிடத்துக்கும் கீழே. ரோட்டில் 6, 7 நிமிடம் தப்புகிறது. ரோபோ (போக்குவரத்து விளக்கு) அணைந்த நேரத்தில் சொல்லவே வேண்டாம்.

4. ஆள் எண்ண வாசலுக்கு மேல் கேமரா போடலாமா?

எங்கிருந்து சரிசெய்வது?


இருபத்துநாலுவோல்ட்:

மாடலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. முதலில் அந்த 12 வோல்ட் ஒயரைக் கழற்றுங்கள்.

24 வோல்ட் வண்டியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அந்தப் பேட்டரி தொடர்ந்து கொஞ்சம் குறைவாகவே சார்ஜ் ஆகும். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த வோல்ட் மட்டும்தான் தெரியும். கீழே உள்ளது இளைத்தால் மேலே உள்ளது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். சில மாதத்தில் இரண்டு பேட்டரியும் போகும், பழி ஆல்டர்னேட்டர் மேல் விழும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது கருவி அணைவதும் இதனால்தான்: இளைத்த பேட்டரியின் வோல்ட் அந்த நொடியில் 8-க்கும் கீழே இறங்கிவிடும்.

சரியான வழி: இரண்டு பேட்டரியின் கடைசி முனைகளிலிருந்து முழு 24 வோல்ட். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ். 1.5 சதுர மி.மீ. ஒயர், நெளிகுழாய்க்குள். பிறகு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர், ரௌட்டருக்கு மட்டும். டிராக்கர்கள் பெரும்பாலும் 10 முதல் 30 வோல்ட் வரை தாமே தாங்கும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "9–36 வோல்ட்" என்று போட்டிருப்பது போதாது. ஓடும்போது பேட்டரி முனை தளர்ந்து கழன்றால் ஆல்டர்னேட்டர் ஒரு பெரிய மின்தாக்கு அனுப்பும். ஐஎஸ்ஓ 16750-2 (வண்டி மின்கருவிகளுக்கான தரம்) சோதனையில், மின்தாக்கை அடக்கும் பாகம் இல்லாத 24 வோல்ட் வண்டிக்கு இது 200 வோல்ட் வரை போகிறது. இதை அடக்க எஸ்எம்8எஸ்33ஏ மாதிரி டிவிஎஸ் டயோடு போடுவோம்; ஆனால் அதுவே சுமார் 53 வோல்ட்டில்தான் பிடித்து நிறுத்தும். ஆகவே 36 வோல்ட் கன்வெர்ட்டர் டயோடு இருந்தும் செத்துப்போகும். உள்ளீடு 60 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக வாங்குங்கள்.

முதல் 4, 5 நிமிடம் காணாமல் போவது வேறு காரணம். மெயின் சுவிட்சோடு கருவி ராத்திரி முழுக்க அணைந்துவிடுவதால் காலையில் செயற்கைக்கோள் விவரத்தைப் புதிதாகத் திரட்டுகிறது. அந்தப் பாதை விவரம் ஒவ்வொரு கோளிலிருந்தும் 30 விநாடிக்கு ஒரு முறை வரும், ஏறக்குறைய 4 மணி நேரம் செல்லும். திறந்த வானத்தில் அரை நிமிட வேலை. தகரக் கூரை டிப்போவுக்குள் நின்றால் வண்டி வெளியே வந்த பிறகுதான் ஆரம்பமே. கூடவே சிம் வலையில் பதிய வேண்டும்.

அதனால் டிராக்கருக்கு மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலிருந்து நிரந்தர மின்சாரம். தூக்க நிலையில் 5 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளுக்கு 0.12 ஆம்பியர்-மணி, இரண்டு வாரம் நின்றாலும் 2-ஐத் தொடாது. பேட்டரிக்கு இது கொசுக்கடி. இக்னிஷன் ஒயரை உள்ளீடாகக் கொடுத்து எழுப்புங்கள். ரௌட்டர் இக்னிஷனோடு அணையட்டும், அது பசிக்காரன்.

இங்கே ஒரு கண்ணி. உங்கள் மெயின் சுவிட்ச் எதிர்முனை ஒயரில் இருந்தால் டிராக்கரின் எதிர்முனையையும் நேரே பேட்டரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது ஆன்டெனாவின் உலோக அடி பாடியில் படக்கூடாது. பட்டால், சுவிட்சை அணைத்த பிறகும் வண்டியில் எரியும் மற்றதெல்லாம் பாடி வழியாக டிராக்கருக்குள் நுழைந்து அந்த மெல்லிய ஒயரில் திரும்பும். கருவி கருகும், சில சமயம் ஒயரும். எதிர்முனையிலும் 3 ஆம்பியர் ஃபியூஸ், பிளாஸ்டிக் அடி கொண்ட ஆன்டெனா, வாசல் திறந்து மூடும் சிக்னலுக்கு ஆப்டோகப்ளர் (ஒளியால் சிக்னலை மட்டும் கடத்தி மின்சாரத்தைப் பிரித்துவைக்கும் சில்லு).

கேன் உள்ள 8 வண்டியில் ஒயரை வெட்டாதீர்கள். மேலே கவ்விப் படிக்கும் கிளிப் வகை ரீடர் போதும். மாட்டுவதற்கு முன் மின்சாரத்தை அணைத்து, ஒன்பது முள் டாய்ச் சாக்கெட்டில் (பழுதறியும் கருவியைச் செருகும் இடம்) சி, டி இரண்டு முள்ளுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்டினால் நலம். 120 என்றால் ஒரு முனை மின்தடை ஏற்கெனவே போயிருக்கிறது. அதோடு ரீடரை மாட்டினால் நாளைக்கு இஞ்சின் விளக்கு எரியும், நீங்கள்தான் காரணம் என்பார்கள்.


தடக்கணக்கு:

மேலே அண்ணா சொன்னதை முடித்த பிறகு இதைப் படியுங்கள்.

"3 நிமிடம்" 41 ஆவது மாடலின் குற்றம் இல்லை. பஸ் தடத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே சர்வர் தப்பாக எடுக்கிறது. நேர்கோட்டுத் தூரத்தில் மிக அருகில் உள்ள நிறுத்தத்தைத் தேடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எதிர்ப்பக்க நிறுத்தம் 15, 20 மீட்டர் தள்ளித்தான் இருக்கும்; ஜிபிஎஸ் பிழையே அவ்வளவு வரும்.

நிறுத்தங்களை விட்டுவிட்டுத் தடத்தின் கோட்டைப் பிடியுங்கள். ஜிடிஎஃப்எஸ்ஸில் (பஸ் தடம், நேர விவரங்களை எழுதும் பொது வடிவம்) ஷேப்ஸ் கோப்பு அதற்காகத்தான் இருக்கிறது. போகும் திசைக்கு ஒன்று, வரும் திசைக்கு ஒன்று, தனித்தனிக் கோடு. ஒவ்வொரு புள்ளியையும் கோட்டின் மேல் இறக்கி "தொடக்கத்திலிருந்து இத்தனை மீட்டர்" என்று ஒரே எண்ணாக்குங்கள். பிறகு மூன்று விதி:

தேடலை முழுக் கோட்டிலும் செய்யாதீர்கள். போன புள்ளிக்கு 50 மீட்டர் பின்னாலிருந்து 400 மீட்டர் முன்னால் வரை மட்டும். இரண்டு முறை போகும் 700 மீட்டர் குழப்பம் பெரும்பாலும் இதிலேயே தீரும்.

பஸ்ஸின் திசைக்கும் கோட்டின் திசைக்கும் 60 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இடத்தை ஏற்காதீர்கள். ஆனால் 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே ஜிபிஎஸ் சொல்லும் திசை குருட்டு ஊகம். அப்போது பழைய திசையையே வைத்துக்கொள்ளுங்கள்.

நடை தொடங்கியது என்று எப்போது சொல்வது? முனையத்தைச் சுற்றி 80 மீட்டர் வட்டம். அதைத் தாண்டி 30 விநாடி தொடர்ந்து ஓடினால்தான் கிளம்பியதாகக் கணக்கு. இல்லாவிட்டால் டிரைவர் வண்டியை நிழலுக்கு நகர்த்தினாலும் நடை தொடங்கிவிடும்.

400 மீட்டர் விதி வேலை செய்ய வேண்டுமானால் 30 விநாடி இடைவெளி ஆகாது. 60 கி.மீ. வேகத்தில் 30 விநாடியில் 500 மீட்டர் போய்விடும். 10 விநாடி வையுங்கள். கூடவே 15 டிகிரி திரும்பினால் ஒரு புள்ளி, வாசல் திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று. டேட்டா கூடிவிடுமே என்று பயப்பட வேண்டாம்: நாளுக்கு 16 மணி நேரத்தில் 5,760 புள்ளி, புள்ளிக்கு 150 பைட், மாதம் 26 நாள் ஓடினால் சுமார் 22 மெகாபைட். நடுவில் சில புள்ளிகள் வராமல் போனால் அந்த 400-ஐ இடைவெளி நேரத்துக்குத் தக்கபடி நீட்டிக்கொள்ளுங்கள்.

வாசல் சிக்னல் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம் என்பேன். நிறுத்தத்தில் நிற்கும் நேரமும் ரோபோவில் நிற்கும் நேரமும் இரண்டு வேறு விஷயம். ஒன்று கூட்டத்தால் வருவது, மற்றது சாலையால். இரண்டையும் ஒரே தொகையாக்கி எந்த மாடலுக்குக் கொடுத்தாலும் அது விழிக்கும்.

நிறுத்தங்களின் இடத்தைக் கையால் தட்டும்போது அட்சரேகையில் மைனஸ் குறியை விட்டுவிடாதீர்கள். டர்பன் மைனஸ் 29.86, 31.02. மைனஸ் போனால் அந்த நிறுத்தம் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே பிரமிடுகள் இருக்கும் பக்கம் போய் விழும். பயணி ஒட்டகத்தில்தான் வர வேண்டும். நள்ளிரவைத் தாண்டும் கடைசி நடைக்கு 00:20 என்று எழுதாமல் 24:20:00 என்று எழுதுங்கள், இல்லையென்றால் அது அன்றைய நாளின் முதல் நடையாகிவிடும்.

இனி மாடல். சோதனையில் 1 நிமிடம், ரோட்டில் 7 நிமிடம் என்றால் காரணம் ஏறக்குறைய நிச்சயம்: புள்ளிகளைக் கலைத்துப்போட்டுப் பிரித்திருக்கிறீர்கள். ஒரே நடையின் 11-ஆம் புள்ளி பயிற்சியிலும் 12-ஆம் புள்ளி சோதனையிலும் இருந்தால் மாடல் விடையைப் பார்த்து எழுதுகிறது. தேதியால் பிரியுங்கள். முதல் நான்கு வாரம் பயிற்சி, ஐந்தாவது சரிபார்க்க, ஆறாவது வாரத்தைக் கடைசி வரை தொடவே தொடாதீர்கள்.

பிரிப்பதற்கு முன்பே கையில் இருப்பது கொஞ்சம்தான். 3 வண்டி, ஒரு திசையில் நாளுக்கு 5 நடை, 30 வேலைநாள்: மொத்தம் 450 நடை. எல்எஸ்டிஎம்முக்கு இது யானைக்குச் சோளப்பொரி. தடத்தை நிறுத்தத்துக்கு நிறுத்தம் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அரை மணிக்கு ஒரு இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு விபத்து நாள் அதைக் கெடுத்துவிடும். அதன் மேல் முன்னால் போன பஸ்ஸின் நிலவரத்தை ஏற்றுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு துண்டுக்கு வழக்கமாக 240 விநாடி. 8 நிமிடம் முன்னால் போன பஸ்ஸுக்கு 330 ஆனது, அதாவது 1.375 மடங்கு. அந்தச் செய்தி பழசாகப் பழசாக மதிப்புக் குறையும். 20 நிமிடக் கணக்கில் (e-இன் அடுக்கு மைனஸ் 8/20) தேய விட்டால் 8 நிமிடத்தில் அதன் எடை 0.67. கூடுதலான 0.375-ஐ 0.67-ஆல் பெருக்கினால் 0.25. கணிப்பு 240 பெருக்கல் 1.25, அதாவது 300 விநாடி. இது ஒரு விரிதாளிலேயே முடிகிற வேலை. இதைத் தோற்கடிக்காத எந்த மாடலையும் சர்வரில் ஏற்றாதீர்கள்.

14 வண்டியும் ஓடி மூன்று, நான்கு மாதம் ஆன பிறகு லைட்ஜிபிஎம் மாதிரி மர வகை (கேள்வி கேள்வியாகக் கிளை பிரியும்) மாடல். அதற்குக் கொடுக்க வேண்டியவை: துண்டு எண், நேரம், நாளின் வகை, முன் பஸ்ஸின் நேரமும் அது எவ்வளவு பழசு என்பதும், மழை, மாதக் கடைசியா, பள்ளி விடுமுறையா. நாளின் வகையில் பொது விடுமுறைப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். தீபாவளி அரசு விடுமுறை இல்லை, ஆனால் சாட்ஸ்வொர்த்தில் அன்றைக்குச் சாதாரண நாளா? புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டம், வெள்ளி சனி பங்களாதேஷ் மார்க்கெட் நெரிசல், இதெல்லாம் தனிக் குறி.


டிப்போ14:

நன்றி அண்ணா, அக்கா. ஒரு வண்டியில் ஒயரை மாற்றிப் பார்த்தாயிற்று. பழைய ஒயரில் ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் 10.9-க்குக் கீழே போகவில்லை, ஆனாலும் கருவி அணைந்தது. இது எப்படி? புதிய ஒயரில் அணையவில்லை.

தேதியால் பிரித்ததும் சோதனைப் பிழை 5 நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. நீங்கள் சொன்னதேதான்.

ரோபோ அணைந்த நேரத்தை எப்படி மாடலுக்குச் சொல்வது? லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) அட்டவணையைக் கொடுத்தாலும் பொருந்தவில்லை.


இருபத்துநாலுவோல்ட்:

சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் பார்க்கும். ஸ்டார்ட்டரின் முதல் இழுப்பு சில பத்து மில்லி விநாடி, அதற்குள் மீட்டர் கண் சிமிட்டிவிடும். குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வேகப் பொத்தான் உள்ள மீட்டர், இல்லையென்றால் ஆசிலாஸ்கோப்.

ஒன்று விட்டுப்போனது. வாசலின் காற்று வால்வுச் சுருளிலிருந்து சிக்னல் எடுத்தால் அது அணையும் நொடியில் எதிர்த்தாக்கு அடிக்கும். சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை நேர்முனைப் பக்கம். திருப்பிப் போட்டால் ஃபியூஸ் போகும், அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும். கடற்கரை ஊர் என்பதால் இணைப்பிகள் ஐபி67 வகையாக இருக்கட்டும், முள்ளில் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். இங்கே உப்புக்காற்று பச்சைப் பாசி பிடிக்க வைக்காத செம்பு கிடையாது.


தடக்கணக்கு:

அட்டவணை பொருந்தாததற்குக் காரணம், கரண்ட் வந்ததும் எல்லா ரோபோவும் எழுந்துவிடுவதில்லை. சில மஞ்சளில் சிமிட்டிக்கொண்டே நிற்கும். கேபிள் திருட்டுப் போன இடத்துக்கு அட்டவணையே கிடையாது. மறுபக்கம், பேட்டரி இருக்கும் ரோபோ கரண்ட் போனாலும் ஓடும்.

டேட்டாவிலிருந்தே கண்டுபிடியுங்கள். ரோபோ வேலை செய்தால் அந்த இடத்தைக் கடக்கும் நேரத்தில் இரண்டு குவியல் தெரியும்: பச்சையில் நேராகப் போனவை, சிவப்பில் நின்றவை. அணைந்தால் அது நான்கு பக்கமும் நின்று போகும் சந்தி. ஒருவரும் நிற்காமல் போக முடியாது, பச்சைக் குவியல் மறைந்துவிடும். ஆகவே அந்த ரோபோவுக்கு முன் 150 மீட்டரைத் தனித் துண்டாக்கி, கடைசி மூன்று பஸ்ஸில் மிகக் குறைந்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள். அதுவே வழக்கமான இடைநிலையைத் தாண்டினால் "அணைந்தது" என்று குறி. 14 வண்டி ஓடினால்தான் இது விரைவாகத் தெரியும். 3 வண்டியில் தெரியும்போது கரண்டே வந்திருக்கும்.

இதை விட மோசமான ஒன்று பின்னால் ஒளிந்திருக்கிறது. கரண்ட் நீண்ட நேரம் போனால் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். டிராக்கர் புள்ளிகளைச் சேமித்துவைத்து அரை மணி கழித்து மொத்தமாகக் கொட்டும். அது நல்ல குணம்தான். ஆனால் பயிற்சிக்கு எடுக்கும்போது அந்தப் புள்ளிகள் சரியான நேரத்தில் வந்தமாதிரியே வரிசையில் உட்கார்ந்திருக்கும். மாடல் "முன் பஸ் இப்படிப் போனது" என்பதை வைத்துக் கற்கும். நேரில் அந்தச் செய்தி அப்போது கையில் இருக்காது. எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு நேரம் சேமியுங்கள், கருவி எழுதிய நேரம், சர்வருக்கு வந்த நேரம். பயிற்சியில் அந்தக் கணத்துக்கு முன் சர்வருக்கு வந்ததை மட்டும் பயன்படுத்துங்கள்.

பயணிக்குக் காட்டுவதிலும் அப்படியே. கடைசிப் புள்ளி 90 விநாடியைத் தாண்டினால் நேரடிக் கணிப்பை நிறுத்தி, கால அட்டவணை நேரத்தை வேறு நிறத்தில் காட்டுங்கள். தைரியமாகப் பொய் சொல்லும் திரையை மக்கள் இரண்டு முறைதான் மன்னிப்பார்கள்.

நடு மதிப்பையும் காட்டாதீர்கள். பஸ் சொன்னதற்கு 2 நிமிடம் பிந்தினால் பயணி முணுமுணுப்பார். 2 நிமிடம் முந்தினால் பஸ்ஸே போய்விடும். குவான்டைல் இழப்பில் 0.3 வைத்துப் (பத்தில் மூன்று பஸ் சொன்னதற்கு முன்னால் வரும் அளவு) பழக்கினால் கணிப்பு கொஞ்சம் முன்கூட்டியே சொல்லும். பிழையை 0–5, 5–10, 10–20 நிமிடத் தொலைவு என்று தனித்தனியாக அளந்து பாருங்கள், ஒரே எண்ணில் எல்லாம் மறைந்துவிடும்.


வாசற்கணக்கு:

நான்காவது கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் நான். கேமரா வேண்டாம்.

ஒரே வாசலில் ஏறுவோரும் இறங்குவோரும் மோதிக்கொள்ளும் இடத்தில் சாதாரணக் கேமரா மேலிருந்து தலையை எண்ணும்போது, காலை வெயில் படிக்கட்டில் விழுந்தால் ஒரு பக்கம் வெளுத்துவிடும், இன்னொரு பக்கம் இருட்டு. வாசலுக்கு மேல் ஆழம் அளக்கும் டைம்-ஆஃப்-ஃப்ளைட் சென்சார் போடுங்கள். அது தூரத்தை அளக்கிறது, படத்தை அல்ல. படியிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாத உயரம், நேர் கீழ்நோக்கி. உயரம் குறைந்தால் தோளும் தலையும் இரண்டு ஆளாகும். படியில் நிற்பவர் தரையில் நிற்பவரை விடக் குட்டையாகத் தெரிவார், ஆகவே உயர வரம்பைத் தரைக்கு ஒன்று, படிக்கு ஒன்று என்று வையுங்கள். இல்லாவிட்டால் படியில் ஏறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் பை என்று கழிக்கப்படுவார்கள். விரித்த குடை, இடுப்பில் குழந்தை, மார்க்கெட் மூட்டை மூன்றும் எப்போதும் தப்பும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாசல் திறந்தது முதல் மூடி 3 விநாடி வரை மட்டும் எண்ணட்டும். நெரிசலில் வாசலிலேயே நிற்கும் ஆள் அசைந்து அசைந்து பத்துப் பேர் ஆகிவிடுவார். முனையத்தில் ஏறியவர், இறங்கியவர் வித்தியாசத்தைப் பூஜ்யமாக்குங்கள். அந்த வித்தியாசத்தை நிறுத்தங்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுங்கள். எந்த நிறுத்தத்திலும் உள்ளே இருப்போர் மைனஸ் ஆகக்கூடாது.

சரிபார்ப்புக்கு 20 நடை, இரண்டு பேர், காகிதமும் பேனாவும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சென்சாருக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறி பார்க்காமல் கூட்டி, மொத்த ஆளால் வகுங்கள். குறியோடு கூட்டினால் கூடுதலும் குறைச்சலும் ஒன்றையொன்று தின்று 99 சதவீதம் என்று வரும். விற்பவர்கள் காட்டுவது அந்த எண்தான்.

கேமராதான் என்று அடம்பிடித்தால்: பாப்பியா எனும் தென்னாப்பிரிக்கத் தனிவிவரப் பாதுகாப்புச் சட்டம் (2013-இன் 4-ஆம் சட்டம்) 2021 ஜூலை 1 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் டேட்டா சிறப்புத் தனிவிவரம், 26-ஆம் பிரிவில் பொதுவாகத் தடை. எண்ணுவதற்கு முகம் தேவையில்லை. படத்தை வண்டிக்குள்ளேயே எண்ணாக்கி அழியுங்கள், ஏறியவர் இறங்கியவர் என்ற இரண்டு எண் மட்டும் வெளியே போகட்டும், வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். பாதுகாப்புக்கு வைத்த கேமராவின் படத்தை எடுத்து எண்ணப் பயன்படுத்துவது வேறு நோக்கம், அதற்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.


பச்சைக்குக்காத்திரு:

வாசற்கணக்கு சொன்னதில் தவறில்லை, ஆனால் 14 வண்டிக்குச் சென்சாரே எதற்கு? டிக்கெட் மெஷின் ஒவ்வொரு டிக்கெட்டையும் நேரத்தோடும் கட்டண நிலையோடும் எழுதிவைக்கிறது. அதை நடையோடு இணைத்தால் ஏறியவர் கணக்கு கையில். இறங்கியவருக்கு: காலையில் ஓரிடத்தில் ஏறியவர்கள் பெரும்பாலும் மாலையில் அங்கேதான் இறங்குவார்கள், காலைப் பட்டியலைத் திருப்பிப் போட்டால் நடை அமைக்கப் போதுமான கணக்கு வரும். இரண்டு வண்டியில் மட்டும் சென்சார் வைத்து இதைச் சரிபாருங்கள். டிக்கெட் மெஷினின் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். யாரும் திருத்துவதில்லை, 7 நிமிடம் பிந்தியிருந்தால் எல்லா ஆளும் முந்தைய நிறுத்தத்தில் ஏறியதாக ஆகிவிடும்.


வாசற்கணக்கு:

பாஸ் வைத்திருப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் டிக்கெட் எடுக்கிறார்களா? அவர்களைப் பதியாத மெஷின் என்றால் காலை 7 மணி நடையைப் பாதி காலி என்று சொல்லும். பதிகிறது என்றால் உங்கள் வழி மலிவு, ஒப்புக்கொள்கிறேன்.


டிப்போ14:

மெஷினில் பாஸுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்துவது டிரைவர் மனநிலையைப் பொறுத்தது. இரண்டு வண்டியில் சென்சார், மற்றதில் டிக்கெட் கணக்கு என்று முடிவு. கடைசியாக ஒன்று: பஸ் வருவதைப் பார்த்து ரோபோவே பச்சையை நீட்டிக் கொடுக்க வழி உண்டா?


பச்சைக்குக்காத்திரு:

ரோபோ நகராட்சியின் சொத்து, தனியார் வண்டிக்காரர் தொட முடியாது. ஆனால் உங்கள் டேட்டா ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் வடிவில் இருந்தால் பேச்சு வார்த்தைக்கு மேசையில் வைக்க ஒன்று இருக்கும்.

வழி இதுதான்: பஸ் 150–250 மீட்டர் தொலைவில் வரும்போது கோரிக்கை போகும், பச்சை முடியப்போகிறது என்றால் 10 விநாடி போல நீட்டிக்கப்படும், சிவப்பில் இருந்தால் கொஞ்சம் முன்னதாக முடியும். பிந்தி வரும் பஸ்ஸுக்கு மட்டும் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் கெடுவது எங்கே என்றால், நிறுத்தம் ரோபோவுக்கு முன்னால் இருக்கும் இடத்தில். பஸ் கோரிக்கை அனுப்பிவிட்டு நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும், நீட்டிய பச்சை வீணாகி, பஸ் கிளம்பும்போது சிவப்பு விழும். அங்கே தூரத்தை வைத்து அல்ல, வாசல் மூடியதை வைத்துக் கோரிக்கை அனுப்ப வேண்டும். உங்களிடம் வாசல் சிக்னல் இருக்கப்போகிறது, நல்லது.

சிம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2010–2011 வாக்கில் ஜோகனஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான ரோபோக்களுக்குள் இருந்த சிம்களைத் திருடிப் பேசித் தீர்த்தார்கள், பில் நகரத்துக்கு வந்தது. பஸ்ஸில் இருப்பதும் சிம்தான். குரல் அழைப்பை மூடச் சொல்லுங்கள், தனி ஏபிஎன் (உங்களுக்கென்று ஒதுக்கிய டேட்டா வழி) வாங்குங்கள், சிம்மை அந்தக் கருவியின் ஐஎம்இஐ எண்ணோடு பூட்டச் சொல்லுங்கள், சிம்முக்கு ரகசிய 'பின்' எண் வையுங்கள். மாதம் 22 மெகாபைட் வேண்டிய சிம்முக்கு 50-இல் உச்சவரம்பு.


இருபத்துநாலுவோல்ட்:

அந்த 50-ஐ 100 ஆக்குங்கள். கருவியின் மென்பொருளைக் காற்றுவழியே புதுப்பிக்கும் மாதம் பாதியில் நின்றுபோனால் 14 வண்டியின் டேஷ்போர்டையும் கழற்ற வேண்டிவரும். புதுப்பிப்பதையும் ஒரே ராத்திரியில் 14-க்கும் அனுப்பாதீர்கள். முதலில் ஒன்று, மூன்று நாள் கழித்து மூன்று, பிறகு மீதி.